பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல்

விண்ணப்பப் படிவத்தின் நான்காவது கேள்வியில்தான் வம்பு ஆரம்பித்தது. 'இந்தக் கட்டடம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டது?' என்று மலாயில் கேட்டு, பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். உண்மையை எழுத அரை வரி போதும். தேன்மொழி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கள்ளுக்கடை. ரெங்கம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, ஒரு துண்டில் தாமான் என்று புதுக் குடியிருப்பு எழும்பி, மீதியில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த சுவடே தெரியாமல் போன பிறகும் இந்த ஒரு கட்டடம் மட்டும் தாமானின் ஓரத்தில் விடாப்பிடியாக நின்றது. ஓட்டுக் கூரை, முழங்கை அகலச் சுவர், மூன்று பக்கமும் கம்பி வலை போட்ட நீள ஜன்னல்கள். தரையின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வசதியாக. தோட்டத்து மருந்தகத்தைப் பலகையால் கட்டிய வெள்ளைக்காரத் துரை, கள்ளுக்கடையைச் செங்கல்லால் கட்டியிருந்தான். எது நின்றால் தோட்டம் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தேன்மொழி நடத்தும் பாலர் பள்ளி ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். கடைக்காரர் டிசம்பரோடு மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அங்கே குருவி வளர்க்கப் போகிறாராம். அந்தக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். குருவிகள் தேன்மொழியின் பிள்ளைகளைப் போல ஓடியாடி மேல்தளத்தை அதிர வைப்பதும் இல்லை. ஊர் முழுக்கச் சுற்றிப் பார்த்தும் வேறு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் ஓர் அறவாரியம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து அந்தந்த ஊர்க்காரர்களின் பயனுக்கே கொடுப்பதாக அறிவித்தது. இடிக்கக் காத்திருந்த நகராண்மைக் கழகமும், செலவு மிச்சம் என்று, கட்டடத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. இது கிடைக்காவிட்டால் ஜனவரியில் பள்ளி இல்லை, அவ்வளவுதான்.

"கள்ளுக்கடைன்னு மட்டும் எழுதிராதீங்க டீச்சர்," என்றார் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் லெட்சுமணன். "நம்மளப் பத்தி வெளியில ஏற்கெனவே பேசுறது பத்தாதா? கௌரவமா ஏதாச்சும் போடுங்க லா. நூலகம் போடுங்க."

"தோட்டத்துல நூலகமா? யாரு சார் நம்புவா?"

"அப்ப டிஸ்பென்சரி போடுங்க. அது எல்லாத் தோட்டத்துலயும் இருந்துச்சு."

லெட்சுமணனுக்கு ஊர் கௌரவம். தேன்மொழிக்கு வேறு காரணம். ஏழு வயதில் தினமும் சாயங்காலம் அந்த வாசலில் போய் நின்றவள் அவள். அம்மா அனுப்புவாள், அப்பாவைக் கூட்டி வர. உள்ளே போகக் கூடாது. வாசற்படியில் நின்று "அப்பா, வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட வேண்டும். உள்ளிருந்து அவள் அப்பா காளிதாஸ் பீங்கான் மங்கைப் பிடித்த கையை ஆட்டுவார். "இதான் கடைசி மங்கு. நீ முன்னால நட, நான் பின்னாலயே வரேன்." அவள் முன்னால் நடப்பாள். பின்னால் யாரும் வரமாட்டார்கள். கூடவே படிக்கும் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். கடை மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் புளித்த வாடையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுண்டிவிடும். அந்தப் பெயரைத் தன் கையெழுத்தில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

'தோட்ட மருந்தகம்' என்று எழுதினாள். எழுதியதும் கை நிற்கவில்லை. 'உழைத்துக் களைத்த தொழிலாளர்கள் மாலை நேரத்தில் இங்கு கூடி உடல்வலிக்கு நிவாரணம் பெற்றனர்' என்று இரண்டாவது வரியையும் நிரப்பினாள். ஒன்பதாவது கேள்வி, 'கட்டடத்தின் பழைய பயன்பாட்டில் எந்த ஒன்றை இன்றும் தொடர்வீர்கள்?' என்று கேட்டது. அது அறவாரியத்தின் கட்டாய நிபந்தனை. மாதம் ஒருமுறை இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மூன்றாவது வாரம் அறவாரியத்தின் கட்டடக் கலைஞர் ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவிலிருந்து காரில் வந்து இறங்கினார். பெயர் தேவானந்தன், ஐம்பது வயது. காற்சட்டைப் பை நான்கிலும் அளவு நாடா, டார்ச், சிறு சுத்தியல், நோட்டுப் புத்தகம். இறங்கியவர் வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்புச் சாந்து, டீச்சர். சிமெண்டே இல்ல. மூச்சு விடுற சுவர் இது."

மூச்சு விட்டால் என்ன வாடை வருமோ என்று தேன்மொழிக்குத் திக்கென்றது. நல்லவேளை, வௌவால் நாற்றம் மட்டும்தான் வந்தது.

அவர் உள்ளே போனார். தரை வாய்க்காலைப் பார்த்து, "காயம் கழுவின தண்ணி ஓட," என்று தானே சொல்லிக்கொண்டு எழுதிக்கொண்டார். முன்பக்கத் தடுப்புச் சுவரில், இடுப்புயரத்தில், கம்பி போட்ட பெரிய விநியோக ஜன்னலைப் பார்த்து, "மருந்து குடுத்த இடம்," என்று எழுதினார். வாசற்படியின் ஓரத்தில் கல்லில் ஒரு குழி, சின்னச் சோற்றுக் கிண்ணம் அளவுக்கு. அதன் முன் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். "மருந்து இடிச்சிருக்காங்க!" தேன்மொழி வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. படித்த மனிதர், பாதி பொய்யைத் தானே சொல்லிக்கொண்டார். அவள் செய்ததெல்லாம் தலையாட்டியதுதான்.

பின்சுவரில்தான் அவர் திணறினார். அங்கே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. ஆள் தலை நுழையாது. ஒரு கை தாராளமாக நுழையும். பலகைக் கதவு, வெளிப்பக்கம் ஒரு சிறு மேடை, சுற்றிலும் செடி மண்டிக் கிடந்தது.

"முன்னால அவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கையில, பின்னால யாருக்கு இது?"

"அம்மை கண்டவங்களுக்கு சார்," என்றாள் தேன்மொழி. எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு பின்னாலயே மருந்து குடுத்துருவாங்களாம்."

தேவானந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று தேன்மொழிக்குப் பட்டது.

"இந்தப் பக்கத்துத் தோட்டத்துல என்ட அப்பப்பா டிரஸ்ஸரா, மருந்து குடுக்கிறவரா இருந்தவர், டீச்சர்," என்றார் அவர். "பல தோட்டம் மாறினவை, எது எது எண்டு அப்பாவுக்கே இப்ப ஞாபகம் இல்லை. உங்கட ஃபார்ம் என்ட மேசைக்கு வந்த அண்டைக்கே எனக்கு மேல் சிலிர்த்தது. சாம்பசிவம் எண்டு பேர். அவர்தான் இதைச் செய்திருப்பார். வருத்தக்காரரைத் தள்ளி வைக்காமல் அவைக்கும் ஒரு ஜன்னல்!"

அதுவரை ஊர்த் தமிழ் பேசியவருக்கு உணர்ச்சி வந்ததும் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. தேன்மொழி பேயறைந்தவள் மாதிரி நின்றாள். ஒரு பள்ளிக்கூடத்துக்காக ஒரு பொய் சொல்லப் போய், ஒரு மனிதருக்குத் தாத்தாவையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு தேவானந்தன் வாரா வாரம் வந்தார். அறவாரியம் கேட்டது நான்கு பக்க அறிக்கை. அவர் நாற்பது பக்கம் எழுதினார். சாம்பசிவத்தின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கோட்டு, தலைப்பாகை, நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்கவே தெரியாத முகம். வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளையும் தேன்மொழி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பொய் பேசமாட்டார். கோழி இறைச்சி தொடமாட்டார். மாலையில் ஒரே ஒரு கெட்டில் தேத்தண்ணியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கெட்டிலை அப்பம்மாகூடத் தொடக் கூடாது. ஏழு மணிக்கு மேல் உள்ளேயிருந்து சாமிப் பாட்டு கேட்கும். கேட்டவர்கள் அழுதுவிடுவார்களாம், அவ்வளவு உருக்கமாம்.

"அப்படிப்பட்டவங்கள்லாம் இப்ப எங்க சார் இருக்காங்க," என்று தேன்மொழியும் பெருமூச்சு விட்டு வைத்தாள்.

அறவாரியக் குழு நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும் நாள் குறித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை மத்தியானம் தேவானந்தனும் தேன்மொழியும் சாம்பசிவத்தின் படத்தை முன்சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது, கருப்பாயி குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கருப்பாயிக்கு எழுபத்தொன்பது வயது. தேன்மொழி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பால்வெட்டுக்குப் போன கை, நாக்கும் அதே கத்தி. தேன்மொழியின் அப்பா அவளை அக்கா என்று கூப்பிடுவார் என்பதால் தேன்மொழிக்கு அத்தை. கருப்பாயி நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அட, கெட்டில் ஐயா!"

தேவானந்தன் ஏணியிலிருந்து இறங்கினார். "எங்கட அப்பப்பாவைத் தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியாம? டிரஸ்ஸர் ஐயா. இவரு முன்னால வரமாட்டாரு தம்பி. மத்த ஆளுங்களோட சேந்து நின்னு குடிச்சா மரியாத போயிடும்ல? நாலரை மணிக்கு ஆபீஸ் பையன்கிட்ட கெட்டில குடுத்து அனுப்புவாரு. வெள்ளத் துணி போட்டு மூடியிருக்கும். அந்தா, பின்னால இருக்கே சின்ன ஜன்னலு, அத இவருக்குன்னே போட்டது. கெட்டில் உள்ள போகும், ரொம்பி வெளிய வரும். தெரியாத மாதிரி நாங்க எல்லாரும் வேற பக்கம் பாத்துக்குவோம்."

"என்ன ரொம்பி?" என்று கேட்டார் தேவானந்தன். கேட்டிருக்க வேண்டாம்.

"கள்ளுதான் தம்பி. கள்ளுக்கடையில வேற என்னத்த ரொப்புவாங்க?"

தேன்மொழி ஜன்னல் வழியாகச் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்தாள். ஓடினால் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று கணக்குப் போட்டாள். தேவானந்தன் முதலில் வாய்க்காலைப் பார்த்தார், பிறகு விநியோக ஜன்னலை, பிறகு வாசற்படிக் குழியை.

"அது நான் நெத்திலிக்கு மொளகா இடிச்ச எடம்," என்றாள் கருப்பாயி, கேட்காமலே. "இருபத்தாறு வருசம் அந்தப் படியில உக்காந்து யாவாரம் பண்ணேன். வடை, கடலை, நெத்திலி."

தேவானந்தன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தேன்மொழி கையைப் பிசைந்துகொண்டு, மன்னிச்சிருங்க சார், பிள்ளைகளுக்காகத்தான் சார் என்று ஏதேதோ உளறினாள். திட்டப் போகிறார், அறிக்கையைக் கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது வேறு.

"டீச்சர், நாளைக்குக் குழு வருது. என்ட அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு. அறிக்கையைப் படிச்சுப் படிச்சு அழுதவர். ஃபார்ம்ல டிஸ்பென்சரி எண்டுதான் இருக்கு. அது அப்படியே இருந்திட்டுப் போகட்டுமே. ஆருக்கு என்ன நட்டம்?"

தேன்மொழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய் சொன்னவளும் பொய்யைப் பிடித்தவரும் இப்போது ஒரே கட்சி. இனி பயமில்லை, கட்டடம் கைக்கு வந்த மாதிரிதான். அவள் மகிழ்ச்சியோடு தலையாட்டிக்கொண்டு திரும்பியபோது, கருப்பாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் கேலி இல்லை.

"டிஸ்பென்சரியா?" என்றாள். "புருசன் போனப்புறம் நாலு புள்ளைங்கள இந்தப் படியில உக்காந்துதான் ஆளாக்குனேன். ஒருத்தன் இப்ப சிங்கப்பூர்ல இஞ்சினியர். இது டிஸ்பென்சரின்னா நான் எங்க உக்காந்து வித்தேன் தேனு? ஆஸ்பத்திரி வாசல்ல நெத்திலியா?"

"அத்தை, புள்ளைங்களுக்கு எடம் வேணும் அத்தை. கள்ளுக்கடைன்னு சொன்னா..."

"சொன்னா?"

தேன்மொழி சாம்பசிவத்தின் படத்தை நேராக்கினாள். கருப்பாயி குடையை எடுத்துக்கொண்டாள். "சரி. நாளைக்கு நானும் வரேன். ஒங்க பக்கமே பேசுறேன், பயப்படாத," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒங்க பக்கமே பேசுறேன் என்று அவள் சொன்ன விதம் தேன்மொழிக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவி புவான் ரொஸ்னா, அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குட்டையாக, எதையும் அவசரப்படாமல் பார்க்கிறவர். கூட இரண்டு பேர். லெட்சுமணன் சட்டை மடிப்புக் கலையாமல் வாசலில் நின்று வரவேற்றார். பள்ளி நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட, இருபத்திரண்டு பிள்ளைகளையும் சில தாய்மார்களையும் தேன்மொழி அழைத்து வந்திருந்தாள். பத்தரை பிள்ளைகளுக்கு மைலோ குடிக்கும் நேரம். மேசை எதுவும் இல்லாததால் மைலோ பானையை அந்த விநியோக ஜன்னலுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

கருப்பாயி பட்டுச் சேலை கட்டி, ஒரு கையில் வடைத் தட்டும் மறு கையில் ஒரு பையுமாக வந்தாள். நேராகத் தன் படியில், தன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த அம்மாவுக்கு மருந்தகத்தை நினைவிருக்குமா?" என்று புவான் ரொஸ்னா மலாயில் கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றாள் கருப்பாயி, தன் சந்தை மலாயில். லெட்சுமணன் முகம் மலர்ந்தது.

"நோயாளிகள் நிறைய வருவார்களா?"

"அலமாக், புவான்! நாலரை மணி அடிச்சா தோட்டம் பூரா நோயாளிதான்."

"என்ன நோய்?"

"தாகம்."

தேவானந்தன் இருமினார். புவான் ரொஸ்னா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "மருந்து எப்படி இருக்கும்?"

"வெள்ளையா இருக்கும். நுரை வரும். காலைல இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். நல்ல மருந்து புவான். ஊமைகூடப் பேசுவான். எங்க வேலைய மேய்க்கிற மண்டோர் மூணு மங்கு மருந்து குடிச்சா இங்கிலீசு பேசுவாரு."

"குணமானதா?"

"நடந்து வருவாங்க. போறப்ப ரெண்டு பேரு தூக்கிட்டுப் போவாங்க."

"இறந்துவிட்டார்களா?"

"இல்ல புவான். மறுநாள் நாலரைக்குத் திரும்ப வந்துருவாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. புவான் ரொஸ்னா அதை மூடிப் பையில் வைத்தார். "நான் பதினோரு தோட்ட மருந்தகங்களைப் பார்த்திருக்கிறேன்," என்றார் மெதுவாக. "எதிலும் தரையில் வாய்க்கால் கிடையாது. டீச்சர், இது என்ன கட்டடம்?"

லெட்சுமணன் வாசலைப் பார்த்தார். தேவானந்தன் தன் தாத்தாவைப் பார்த்தார். தேன்மொழி கருப்பாயியைப் பார்த்தாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து தன்னையே இல்லாமல் ஆக்கும் பொய்யை அத்தனை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தவளின் கண்ணில் தண்ணீர் நின்றது. இதற்கு மேல் அவளை ஒரு வார்த்தை பேசவிட்டால் தான் மனுஷியே இல்லை என்று தேன்மொழிக்குத் தோன்றியது.

"கள்ளுக்கடை, புவான்," என்றாள். சொன்னதும் மற்றதும் தானாக வந்தது. பொய் எழுதியது தான்தான் என்றாள். மற்றவர்களுக்கு இதில் பங்கில்லை என்றாள். அதுவும் முழு உண்மை இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அது மரியாதையாக இருந்தது. "ஏழு வயசுல தினமும் இந்த வாசல்ல நின்னு எங்கப்பாவக் கூப்புட்டிருக்கேன் புவான். எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான் பேரையே மாத்திட்டேன். இந்தக் கடையில எங்கப்பா வீணாப் போனாரு. இதே கடையில இந்த அத்தை நாலு புள்ளைய வளத்தாங்க. ரெண்டும் உண்மை. ஒண்ணுக்காக இன்னொண்ண அழிச்சது என் தப்பு."

பின்பக்கம் ஒரு பிள்ளை தும்மியது.

"இந்த விஷயம் பெற்றோருக்குத் தெரியுமா?" என்று புவான் ரொஸ்னா கேட்டார்.

பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ரெங்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? அதை மருந்தகம் என்று நம்பிய ஒரே ஆள் பெர்மாஸ் ஜெயாக்காரர்தான்.

"கள்ளுக்கடையைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் புவான் ரொஸ்னா. "ஆனால் ஒன்பதாவது கேள்வி இருக்கிறதே. பழைய பயன்பாட்டில் ஒன்று தொடர வேண்டும். அது விதி. இங்கே எதைத் தொடர்வீர்கள்? பாலர் பள்ளியில் கள் விற்பீர்களா?"

இருபத்திரண்டு பிள்ளைகளின் ஜனவரி மாதம் தேன்மொழியின் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மணி பத்தரை ஆனது. பெரியவர்களின் வழக்கு பிள்ளைகளுக்கு எதற்கு? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மைலோ வாசனை. முதலில் ஐந்து வயது சாந்தினி ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். பின்னாலேயே மற்ற இருபத்தொரு பேரும் முட்டி மோதினார்கள். வரிசை கலைந்தது. ஒருவன் இன்னொருவன் காலுக்குள் புகுந்து முன்னால் வந்தான். கருப்பாயி எழுந்தாள். கொண்டுவந்த பையை அவிழ்த்தாள். உள்ளே பீங்கான் மங்குகள், பன்னிரண்டோ பதின்மூன்றோ, விளிம்பு உடைந்தும் உடையாமலும். கடை மூடிய அன்று அவள் எடுத்து வைத்தவை. ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தாள்.

"ஊத்து தேனு. புள்ளைங்க தாகமா நிக்குது."

தேன்மொழி தடுப்புக்குப் பின்னால் போய் அகப்பையை எடுத்தாள். ஒவ்வொரு மங்காக நிரப்பி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வாங்கியவர்கள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து உறிஞ்சினார்கள். கிடைக்காதவர்கள் திண்டைத் தட்டினார்கள். ஒருவன் தன் மங்கைக் கொட்டிவிட்டு அடுத்தவன் மங்குக்குச் சண்டை பிடித்தான். கொட்டியது நடு வாய்க்காலில் ஓடி ஒழுங்காக வெளியே போனது. மைலோ மீசையோடு இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். இன்னொருவன் காரணமே இல்லாமல் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"அப்படியே இருக்கு," என்றாள் கருப்பாயி, வடையை நீட்டியபடி. "ஒண்ணும் மாறல."

புவான் ரொஸ்னா ஒரு வடையை எடுத்துக் கடித்தார். சுற்றிலும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பையிலிருந்து பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"படிவத்தைப் புதிதாக எழுத வேண்டும்," என்றார். "நான்காவது கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்கள் டீச்சர், இந்த முறை ஒழுங்காக. ஒன்பதாவதை நான் எழுதிக்கொள்கிறேன். சாவி டிசம்பரில் வரும்."

லெட்சுமணன் இதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கூட வந்த இரண்டு பேரிடமும் விளக்கத் தொடங்கினார். தேவானந்தன் ஏணியை எடுத்தார். முன்சுவரிலிருந்த சாம்பசிவத்தைக் கழற்றினார். வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று தேன்மொழி நினைத்தாள். அவர் பின்பக்கம் போய், சின்ன ஜன்னலுக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பதான் பொருத்தமா இருக்கு," என்றார். "அப்பாவுக்கு எப்படிச் சொல்றதெண்டுதான் தெரியேல்ல. அந்த ஏழு மணிப் பாட்டை வச்சுத்தான் அவருக்கே சாமி பக்தி வந்ததாம்."

பதினொன்றரைக்கு மற்ற பெற்றோர்களும் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். சாந்தினியின் அப்பா தொழிற்சாலைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார். சரியாகத் தேன்மொழி ஏழு வயதில் நின்ற அதே இடம்.

"சாந்தினி, வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

சாந்தினி ஜன்னல் திண்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினாள்.

"இதான்ப்பா கடைசி. நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வரேன்."

தேன்மொழிக்குக் கையிலிருந்த அகப்பை கனத்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாசலில் நின்ற அந்த மனிதர், கூட்டிப் போகாமல் நகரமாட்டேன் என்று, படியிலேயே உட்கார்ந்து கருப்பாயியிடம் ஒரு வடை வாங்கிக்கொண்டார். கருப்பாயி அவர் தலைக்கு மேலாகத் தேன்மொழியைப் பார்த்தாள்.

"உங்கப்பன் ஒரு நாளாச்சும் கடைசின்னு சொல்லி நிறுத்தியிருக்கானா?" என்றாள். "ஊத்து."

சாந்தினி காலி மங்கைத் திண்டில் தட்டினாள். தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அகப்பையைப் பானைக்குள் முக்கி, அந்த மங்கை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள்.